முழுசா இறக்கி, முழுசா ஏத்து: ஒரே வீட்டில் கெட்ட மூன்று லேப்டாப் பேட்டரிகள்

2021 ஜூலை. இரண்டாம் அலை ஊரடங்கு முடிந்து மதுரையில் எங்கள் சர்வீஸ் கடையைத் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கட்டைப்பையில் மூன்று லேப்டாப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, மூணும் எங்க வீட்டுது. மூணுக்கும் பேட்டரிதான் கம்ப்ளைண்ட். கரண்டுல ஏதும் கோளாறா இருக்குமோ?"

ஒரே வீட்டில் மூன்று பேட்டரி கெட்டால் கரண்டின் மேல் சந்தேகம் வருவது இயல்புதான். எனக்கும் வந்தது. மூன்று அடாப்டர்களையும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் 19 வோல்ட்டை ஒட்டியே நின்றன, சுமை கொடுத்தபோதும் சரியவில்லை. வீட்டுக் கரண்ட் 200 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் அடாப்டர் ஒரே அளவாகத்தான் வெளியே விடும். அதையும் வாங்கி, பேட்டரிக்கு எவ்வளவு கொடுப்பது என்று அளந்து கொடுப்பது லேப்டாப் போர்டில் இருக்கும் சார்ஜிங் ஐசி என்ற சின்னச் சிப். ஆக, கரண்ட் குற்றவாளி இல்லை. மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு வாத்தியாரிடம் கதை கேட்க உட்கார்ந்தேன். பேட்டரி விஷயத்தில் பாதி நோய் கதை கேட்டாலே தெரிந்துவிடும்.

கேட்டதில் தெரிந்தது இது. கறுப்பு லேப்டாப் அவருடையது, 2012இல் வாங்கியது. தினமும் அது தானாக அணையும் வரை ஓட்டிவிட்டு, இரவு முழுக்க சார்ஜ் போடுவார். வெள்ளி நிறத்தில் மெலிசாக இருப்பது மகனுடையது, 2019 டிசம்பரில் சொந்தக் காசில் வாங்கியது. 2020 மார்ச்சில் இருந்து அவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், சார்ஜர் ஒயரைப் பிடுங்கியதே இல்லை. மூன்றாவது, மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2018இல் அவள் படிப்பு முடிந்த பிறகு பீரோவுக்குள் போனது, இப்போதுதான் வெளியே வருகிறது. ஒருவர் வெறுமையாக்கியே கெடுத்தார், ஒருவர் நிரப்பியே கெடுத்தார், இன்னொருவர் மறந்து கெடுத்தார்.

வாத்தியாரின் விதி

"நான் சொன்னதை அவன் கேக்கலை தம்பி. பேட்டரியை முழுசா இறக்கித்தான் முழுசா ஏத்தணும். இல்லைன்னா அதுக்கு மெமரி வந்துரும்."

இந்த 'மெமரி'யை எங்கே பிடித்தார் என்று கேட்டேன். 1990களில் அவருடைய மச்சினர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாராம். கேமரா பேட்டரிகளை ஒரு பல்பில் மாட்டி, பல்பு மங்கி அணையும் வரை இறக்கி, அதன்பிறகுதான் சார்ஜில் போடுவார். அரைகுறையாக இறங்கிய பேட்டரியைச் சார்ஜ் போட்டால் அடுத்த முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துக் காலை வாரிவிடும். விடுமுறை நாட்களில் லைட் பிடிக்கப் போன வாத்தியார் அந்தப் பாடத்தை அப்படியே நெஞ்சில் எழுதிக்கொண்டார்.

மச்சினர் செய்தது சரி. அந்த பேட்டரிகள் நிக்கல்-காட்மியம். சுவீடனின் வால்டெமார் யுங்னர் 1899இல் உருவாக்கிய வகை. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். கொஞ்சம் இறக்குவது, மறுபடி ஏற்றுவது என்றே பல நாள் ஓட்டினாலோ, ஓயாமல் சார்ஜிலேயே வைத்தாலோ, உள்ளே காட்மியத் தகட்டில் படிகங்கள் பெரிதாக வளர்ந்துகொள்ளும். அப்போது வோல்ட் சீக்கிரமே சரியும். பேட்டரியில் சரக்கு இருந்தும் கருவி 'தீர்ந்துவிட்டது' என்று அணைந்துவிடும். அடிவரை இறக்கி ஏற்றினால் படிகங்கள் உடைந்து, போன திறன் பெரும்பாலும் திரும்பி வரும். செயற்கைக்கோள்களில் இருந்த பேட்டரிகளில் முதலில் பேசப்பட்ட குணம் இது. அவை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இறங்கி ஏறும்.

ஆரம்பகால லேப்டாப்களிலும் நிக்கல்தான் இருந்தது. ஈயம்-அமில பேட்டரி வைத்தவையும் உண்டு. 1989இல் ஆப்பிள் விற்ற மெக்கின்டாஷ் போர்ட்டபிள் அப்படிப்பட்டது. ஏழு கிலோவுக்கு மேல் எடை. பேட்டரி செத்துவிட்டால் சுவரில் சொருகினாலும் கிளம்பாது. அதை மடியில் வைத்தவர்களின் தொடையை நினைத்து நான் சில நேரம் வருத்தப்பட்டிருக்கிறேன்.

எங்கள் கடை அலமாரியில் 1990களின் நடுவில் வந்த லேப்டாப் ஒன்று காட்சிப் பொருளாக இருக்கிறது. நான் தொழில் கற்ற ஓனர் கொடுத்தது. அதன் பேட்டரி நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு, 9.6 வோல்ட், அதாவது எட்டு செல். அதை எடுத்து வாத்தியாரிடம் காட்டினேன். முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, உள்ளே இருந்த காரம் கசிந்து காற்றோடு சேர்ந்து உறைந்தது. இந்த வகையில் மெமரித் தொல்லை மிகக் குறைவு. ஆனால் சும்மா வைத்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தானாக வடிந்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் வேகம். இதற்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுசாக இறக்குவது நல்லதே.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார்.

"இதுக்குச் சரி சார். நீங்க கொண்டுவந்த மூணுலயும் நிக்கலே இல்லையே."

1991இல் சோனி லித்தியம்-அயனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பிறகு லேப்டாப்களில் நிக்கல் மெல்ல மெல்ல அடையாளமில்லாமல் போனது. பேட்டரி மாறியது, அறிவுரை மாறவில்லை. புது மொபைல் வாங்கினால் 'முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க' என்று இன்றைக்கும் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அதுவும் நிக்கல் காலத்துச் சடங்குதான். லித்தியம் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும், மொபைலே சார்ஜை நிறுத்திக்கொள்ளும்.

கறுப்பு லேப்டாப்

அடியில் தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு கழன்று வரும் பேக். லேபிளில் 10.8 வோல்ட், 4400 மில்லியாம்பியர்-மணி. இதிலேயே உள்ளிருப்பது தெரிந்துவிடும். ஒரு லித்தியம் செல்லின் சராசரி 3.6 வோல்ட், மூன்று வரிசையாக நின்றால் 10.8. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் கொண்ட உருளைச் செல்கள். அந்த அளவை வைத்துத்தான் 18650 என்று பெயர். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி, மொத்தம் ஆறு. லேபிளில் 14.4 அல்லது 14.8 என்று இருந்தால் நான்கு வரிசை. 11.4, 11.55, 15.4 போன்ற எண்கள் வந்தால் அது அதிக வோல்ட்டுக்கு ஏற்றும் புதிய ரகம், பெரும்பாலும் தட்டையான பை வடிவச் செல். பேட்டரியைத் திறக்காமலே இவ்வளவும் படித்துவிடலாம்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் சேர்த்துக் கொடுத்தால் (powercfg /batteryreport) ஒரு அறிக்கை வரும். எடுத்துப் பார்த்தேன். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு 47,520 மில்லிவாட்-மணி. இப்போது முழு சார்ஜில் 13,340. நூற்றுக்கு 28. சார்ஜ் சுழற்சி 612, முழுசாக ஒருமுறை இறங்கி ஏறும் அளவு ஒரு சுழற்சி. இது 2018இல் மாற்றிய இரண்டாவது பேக்.

உள்ளதைச் சொன்னால், இந்த பேட்டரி கொலையாகவில்லை, கிழவாடிப் போனது. இந்த வகைச் செல்கள் முழுச் சுழற்சியில் 300 முதல் 500 வரை ஓடி, எண்பது சதவீதத் திறனுக்கு வந்து நிற்பது வழக்கம். 612 என்பது கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அடிமட்டம் வரை இறக்கியதால் அவர் ஆயுளை வேகமாகச் செலவழித்துவிட்டார். அதே வேலையை எண்பதுக்கும் முப்பதுக்கும் இடையில் ஓட்டியிருந்தால் இன்னும் இரண்டு வருடம் தாராளமாக வந்திருக்கும். பேக்கைப் பிரித்து மூன்று ஜோடிகளையும் அளந்தேன்: 3.31, 3.29, 2.74. மூன்றாவது ஜோடி மட்டும் பின்தங்கியிருந்தது. இருபது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் பொசுக்கென்று அணைவதாக அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். வடம் பிடிப்பதில் ஒருவன் தளர்ந்தாலும் தேர் நிற்கும்.

இங்கே வாத்தியார் ஒரு துருப்புச் சீட்டை இறக்கினார். லேப்டாப்போடு வந்த கையேட்டை பத்திரமாக வைத்திருந்தார். அதில் அவ்வப்போது முழுசாக இறக்கி ஏற்றச் சொல்லியிருந்தது. "இதுக்கு என்ன சொல்றீங்க?"

நல்ல கேள்வி. பேக்குக்குள் செல்களோடு ஒரு கணக்குப்பிள்ளையும் இருக்கிறார், அளவி ஐசி. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துத்தான் திரையில் சதவீதம் காட்டுகிறார். மாதக்கணக்கில் அரைகுறையாகவே ஏற்றி இறக்கினால் அவர் கணக்கு பிசகும். எப்போதாவது மேலும் கீழும் தொட்டுக் காட்டினால் கணக்கைச் சரி செய்துகொள்வார். கையேடு சொல்வது அந்தக் கணக்குக்காக, செல்லின் உடம்புக்காக இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பத்து சதவீதம் வரை இறக்கினாலே போதும். தினமும் செய்வது, கணக்குப்பிள்ளையைத் திருப்திப்படுத்த மாடுகளைப் பட்டினி போடுவது மாதிரி.

வீங்கியது

மகனுடையதை மேசையில் வைத்தபோதே ஆடியது. அடிப்பக்கம் தொந்தி போட்டிருந்தது. டச்பேட் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது, கிளிக் விழவில்லை. மறுநாள் மகனையே வரச் சொன்னேன்.

"எப்ப இருந்து தம்பி இப்படி?"

"ரெண்டு மாசமா இருக்கும்ணே. டச்பேட்தான் லூசாயிருச்சுன்னு நெனச்சேன். ராத்திரில மேல டிக்‌ஷனரிய வச்சு அமுக்கி வச்சேன்."

அந்த டிக்‌ஷனரி இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனிடம் நான் விவரிக்கவில்லை. அவன் அப்பா பக்கத்தில் இருந்தார்.

அறிக்கை எடுக்க அதை ஆன் செய்ய எனக்கு மனமில்லை. வீங்கிய பேட்டரியில் முதல் வேலை சார்ஜரைப் பிடுங்குவது, இரண்டாவது வேலை அணைப்பது. அவன் போன வாரம் எடுத்து வைத்திருந்த அறிக்கையை மொபைலில் காட்டினான். புதிதில் 42,080, இப்போது 36,100. சுழற்சி வெறும் 31. "86 சதவீதம் நல்லா இருக்குன்னுதானேண்ணே காட்டுது?"

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்குப்பிள்ளைக்குக் கணக்குதான் தெரியும், கண் தெரியாது. உள்ளே வாயு சேர்ந்து பை உப்பியிருப்பது அவருக்கு எட்டாது. எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் லேப்டாப்பை மூடி, சமதளத்தில் வைத்து, ஆடுகிறதா என்று பாருங்கள்.

அடி மூடியைக் கழற்றினேன். தட்டையான மூன்று பைகள். பக்கவாட்டில் வெர்னியரை வைத்து அளந்தால் ஆறு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது பதினொன்று. மூன்றும் ஒரே அளவில் உப்பியிருந்தன. இது ஒரு தடயம்.

"கம்பெனி ஃபால்ட்டா இருக்குமோ?" என்று கேட்டான். அப்படியும் நடப்பதுண்டு. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல்கள் வைத்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிளும் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது நுண்ணிய உலோகத் துகள்கள் செல்லுக்குள் போய், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயம் இருந்ததே காரணம். வாங்கியவர் மேல் துளியும் தப்பில்லை. ஆனால் அந்த மாதிரிக் குறை பெரும்பாலும் ஒரு செல்லைத்தான் பிடிக்கும். மூன்றும் ஒரே மாதிரி உப்பினால் மூன்றும் சேர்ந்து அனுபவித்த ஏதோ ஒன்றைத் தேட வேண்டும். கோர்ட்டில் நிற்கும் சாட்சி இல்லை இது, பட்டறைக்குப் போதும்.

எப்படி வேலை பார்ப்பான் என்று கேட்டேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஏசி இல்லை, கட்டிலில் தலையணை, தலையணை மேல் லேப்டாப், ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம். சார்ஜர் எப்போதும் சொருகியபடி.

"நூறு ஆனதும் கரண்ட் தானா கட் ஆயிரும்ணே. ஓவர்சார்ஜ் ஆகவே ஆகாது. அப்பா சும்மா பயமுறுத்துவாரு."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் விளக்குவது கடினமாக இருந்தது.

லித்தியம் செல்லை ஏற்றும் முறை இரண்டு கட்டம். முதலில் ஒரே வேகத்தில் ஆம்பியரைத் தள்ளுவார்கள். செல் உச்ச வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்ட்டிலேயே பிடித்துவைத்து, ஆம்பியரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் நிறைவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாற்பது பேர் சரசரவென்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். படிக்கட்டில் நிற்கும் கடைசிப் பத்துப் பேரை உள்ளே தள்ளத்தான் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்த வேண்டும். நூறு சதவீதம் என்பது அந்த நெரிசல். நிறைந்த பிறகு யாரும் ஏறப்போவதில்லை, சரிதான். ஆனால் நெரிசல் அப்படியே நிற்கிறது. பஸ்ஸை வெயிலில் வேறு நிறுத்தினால்?

உச்ச வோல்ட்டில் நிற்கும் செல்லுக்குள் திரவம் மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் வெளிவரும். வெப்பம் ஏற ஏற வேகம் கூடும். உருளைச் செல்லின் இரும்பு உடம்பு அழுத்தத்தைத் தாங்கி உள்ளேயே அடக்கும். பைச் செல்லுக்கு உடம்பே அலுமினியத் தாள்தான், உப்பிவிடும். போதாததற்கு இந்த ரகம் 4.2 வோல்ட்டுக்குப் பதிலாக 4.35 வரை ஏற்றப்படுவது. துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு வருடம் 25 டிகிரியில் சும்மா வைத்தாலே முழு சார்ஜில் இருக்கும் லித்தியம் செல் 80 சதவீதத்துக்கு வரும், 40 சதவீத சார்ஜில் இருப்பது 96இல் நிற்கும். 40 டிகிரியில் வைத்தால் முறையே 65, 85. மகனின் அறை கத்திரி வெயிலில் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். புது பேட்டரி போட்ட பிறகு, கடையில் 34 டிகிரி இருந்த ஒரு மதியம், அதே லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து அரை மணி நேரம் வீடியோ கால் ஓட்டினேன். அடிப்பக்கம் 49 டிகிரி. கீழே காற்று போகும்படி இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கியபோது 39. பத்து டிகிரி வித்தியாசம் இரண்டு மரக்கட்டையில் இருந்தது. இதை அளக்க அந்தக் காலத்தில் எல்லாக் கடை வாசலிலும் இருந்த நெற்றிக் காய்ச்சல் துப்பாக்கியைத்தான் முதலில் எடுத்தேன். அது லேப்டாப்புக்கு ஏதோ அதிகக் காய்ச்சல் என்று பீப் அடித்ததோடு சரி, தொழிற்சாலை ரகம் வாங்க வேண்டியதாயிற்று.

ஆக, தந்தையும் மகனும் எதிரெதிர் துருவம். அப்பாவின் நிக்கல் விதியை மறுத்த மகன், 'அதுவே பார்த்துக்கொள்ளும்' என்ற இன்னொரு பாதி உண்மையில் போய் விழுந்தான். சார்ஜிங் ஐசி தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். நீண்ட நாள் வாழவைப்பது அதன் வேலை இல்லை, நாம் சொல்லாத வரை.

வீங்கிய பேட்டரியை எடுத்த விதத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் விபத்து நடக்கிறது. முதலில் போர்டிலிருந்து பேட்டரி கனெக்டரைப் பிரித்தேன். ஸ்குரூக்களை எடுத்தபின் ஒட்டியிருந்த இடத்தில் இரும்பு நெம்புகோல் போடாமல் பழைய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெதுவாகக் கிளப்பினேன். மடக்கக்கூடாது, அமுக்கக்கூடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிட்டு மறுபடி மாட்டிக் கொடுக்கும் ஆட்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளியே வரும் ஆவி ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் ஆகும், செல் தீப்பற்றவும் கூடும். எடுத்ததை மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்து, கடைக்கு வெளியே நிழலில் விட்டேன். பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் போனது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளரே பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைச் சட்டமாக்கின. குப்பை வண்டியில் போடுவது அதற்கு முன்பும் தப்புதான். நசுக்கும் இயந்திரத்துக்குள் போனால் வண்டியே எரியும்.

பீரோவில் தூங்கியது

மகளின் லேப்டாப் ஆன் ஆகவில்லை. சார்ஜர் சொருகினால் ஓடுகிறது, பேட்டரி 'சார்ஜ் ஆகவில்லை' என்கிறது. இதுவும் கறுப்பு லேப்டாப் போலவே ஆறு செல் பேக். பிரித்து அளந்தேன்: 1.42, 0.87, 1.55. உயிரோடிருக்கும் ஜோடி 3 வோல்ட்டுக்குக் கீழ் போகக்கூடாது.

மகள் கடைசியாக அதை அணையும் வரை ஓட்டிவிட்டு, அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். சார்ஜ் தீர்ந்து அணையும்போது செல்லில் கொஞ்சம் கையிருப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் பேக்குக்குள் இருக்கும் சர்க்யூட் தூங்கும்போதும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். மூன்று வருடத்தில் கையிருப்பும் காலி.

இந்த நிலையில் வோல்ட்டை வெளியிலிருந்து நேரடியாகக் கொடுத்து 'எழுப்பிவிடுவது' எங்கள் தொழிலில் பழகிய வித்தை. மீட்டரில் 3 வோல்ட் காட்டும், லேப்டாப் சார்ஜை ஏற்றுக்கொள்ளும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். நானும் செய்திருக்கிறேன். 2013இல் அப்படி எழுப்பிய ஒரு பேக், ஒரு மணி நேரம் கழித்து மேசையில் சும்மா இருந்தபடியே கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வாசலுக்குத் தூக்கி எறிந்தேன். செல் அடியோடு வடியும்போது உள்ளே எதிர்முனைத் தகட்டின் செம்பு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் போய்ப் படியும். உள்ளுக்குள் ஷார்ட்டுக்கு அது பாலம் போட்டுக் கொடுக்கும். அன்றிலிருந்து 2 வோல்ட்டுக்குக் கீழ் கண்டால் தொடுவதில்லை.

பாதி சார்ஜில் அணைத்து, கழற்றக்கூடிய பேக்கைக் கழற்றி, வீட்டின் குளிர்ந்த இடத்தில் வைத்து, நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் இது பிழைத்திருக்கும். விமானச் சரக்கில் தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் பேட்டரி 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜில் இருக்கக்கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. புது பேட்டரி பெட்டியைத் திறந்ததும் அரைகுறை சார்ஜோடு வருவதைப் பார்த்து 'பழசைக் கொடுத்துட்டாங்க' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

"இப்படி நொச்சு இல்லாத பேட்டரியே கிடையாதா தம்பி?" என்று அலுத்துக்கொண்டார் வாத்தியார். இருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட். வெப்பத்துக்கு அசராது, சுழற்சிகள் பல மடங்கு தாங்கும். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காகச் செய்த எக்ஸ்ஓ என்ற பச்சை வெள்ளை லேப்டாப்பில் இதை வைத்தார்கள். அதே அளவு மின்சாரத்துக்கு எடையும் இடமும் கூடுதல் என்பதால் மெலிசு மோகம் பிடித்த கம்பெனிகள் அந்தப் பக்கம் போகவில்லை.

செய்தது, பிறகு பார்த்தது

கறுப்பு லேப்டாப்புக்கு மாற்று பேக் வாங்கினோம். சந்தையில் 5200 மில்லியாம்பியர்-மணி என்று அச்சடித்து வரும் பேக்குகளில் பாதி பேச்சுதான். நான் தராசில் வைத்துப் பார்ப்பேன். நல்ல 18650 செல் ஒன்று 45 கிராமை ஒட்டி இருக்கும், ஆறுக்கு 270, பிளாஸ்டிக்கும் சர்க்யூட்டும் சேர்த்தால் 300ஐத் தாண்ட வேண்டும். 240 கிராம் காட்டிய ஒன்றைத் திருப்பி அனுப்பி, 316 காட்டியதை எடுத்தோம். செல்லை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வாத்தியார் கேட்டார், மறுத்தேன். சால்டரிங் சூட்டில் செல் கெடும், அளவி ஐசி பல பேக்குகளில் பூட்டிக்கொள்ளும்.

மகனின் லேப்டாப்பில் கம்பெனி கொடுத்திருந்த மென்பொருளிலேயே 60 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அவன் அதைத் திறந்ததே இல்லை. பல லேப்டாப்களில் இது பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் இருக்கும். லினக்ஸ்காரர்கள் டிஎல்பி (TLP) என்ற மென்பொருள் கொண்டு வைத்துக்கொள்ளலாம். எப்போதும் சொருகியே வேலை பார்ப்பவனுக்கு 60, ஊர் சுற்றுபவனுக்கு 80, பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100. உச்ச வோல்ட்டில் 0.1 குறைத்தாலே சுழற்சி ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தோராயமான ஆனால் நம்பத்தக்க கணக்கு. தலையணை கட்டிலோடு நின்றது, மேசை வந்தது.

மகளுடையதற்குப் புது பேக் வாங்கும் அளவுக்கு அந்த லேப்டாப்பில் உயிர் இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வாத்தியார் வீட்டுக்கு வரும் டியூஷன் பிள்ளைகளுக்கு டெஸ்க்டாப் மாதிரிக் கொடுத்தோம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் சில நேரம் அணைந்துவிடுகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்களாம்.

2024 ஜூனில் மகன் ஃபேன் சத்தத்துக்காக வந்தபோது அறிக்கை எடுத்தேன். 42,080க்கு 38,200, சுழற்சி 140, அடிப்பக்கம் சமதளம். மூன்று வருடத்துக்கு இது நல்ல எண். கறுப்பு லேப்டாப்பைப் பார்க்க வாத்தியார் வீட்டுக்கே போனேன். முப்பது வந்ததும் சொருகி எண்பதில் பிடுங்குகிறார், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறார். கணக்கு வாத்தியார் அல்லவா.

கிளம்பும்போது கூடத்தில் லேண்ட்லைனின் கார்ட்லெஸ் போன் தாங்கியில் இல்லாமல் ஸ்டூல் மேல் கிடந்தது. எடுத்து வைக்கப் போனேன். "வைக்காதீங்க தம்பி, இறங்கட்டும். மாசத்துல ஒரு நாள் இப்படிப் போடுவேன்" என்றார். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். 3.6 வோல்ட், மூன்று சின்னச் செல், நிக்கல்-காட்மியம். மூடியை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.